தூர்ந்து போகாத ஏரிகள்

வேலூர்ப் பக்கம் எந்த ஊர் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ‘தூர்ந்துபோச்சு’ என்பது வந்துவிடும். தூர்வாரினார்களா, வாரிய மண் எங்கே போனது, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலை உயர்த்தினால் தேறுமா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஏரி என்றால் தூர்ந்துதான் போகும். ஓடி வந்த தண்ணீர் ஓரிடத்தில் நின்றால் தூக்கி வந்த மண்ணைக் கீழே விடும். விட்ட மண் தானாக எழுந்து போகாது. கனடாவிலும் பின்லாந்திலும் இருக்கும் எண்ணற்ற ஏரிகள் கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு வந்தவை. இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில் அவற்றில் பல சதுப்பாகி, புல்வெளியாகிவிடும். ஏரிகளின் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான்.

அப்படியிருக்க, ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரி சுமார் 1 கோடி ஆண்டுகளாக இருக்கிறது. இன்றும் அதன் ஆழம் 1,470 மீட்டர். சைபீரியாவின் பைக்கால் அதைவிடப் பழையது, 2.5 கோடி ஆண்டு என்கிறார்கள். ஆழம் 1,642 மீட்டர். பைக்காலின் தண்ணீருக்கு அடியில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தடிமனுக்கு வண்டல் கிடக்கிறது. அவ்வளவு மண் விழுந்தும் ஏரி தூரவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது மிகையில்லை. நிலவியல் படித்துவிட்டு, கிணற்றுக்கும் போருக்கும் இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். என் அன்றாடம் கருங்கல்லோடு. ஆனாலும் மனசு போய் நிற்பது பழைய ஏரிகளில்தான். கற்களாகிப் போன அந்த ஏரிகளின் வண்டலை எது தீர்மானித்தது, மழையா, நிலத்தின் அசைவா என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊர் ஏரியிலிருந்தே தொடங்குகிறேன். விவசாயிகள் வயலுக்கும், மண்பாண்டம் செய்பவர்கள் சூளைக்கும் வண்டல் எடுத்துக்கொள்ள இப்போது அனுமதி கிடைக்கிறது. கோடையில் ஜேசிபி இறங்கி வெட்டும்போது ஏரியின் உள்ளே செங்குத்தாக ஒரு சுவர் தெரியும். காட்பாடிப் பக்கம் ஓர் ஏரியில் அப்படி வெட்டிய முகத்தை உட்கார்ந்து பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்குக் கருத்த களி. வெயிலில் வெடித்து, வெடிப்பின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. அதற்குக் கீழே இன்னொரு களிப்படலம், அதிலும் பழைய வெடிப்புகள். ஆனால் இவற்றின் வாய்க்குள் பொடிமணல் இறங்கி அடைத்திருந்தது. ஒரு வறட்சியில் வெடித்து, அடுத்த வெள்ளத்தில் நிரம்பியவை. அதன் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு மணல் பட்டை. பருமணல், இளஞ்சிவப்பாகச் சில கற்துணுக்குகள், இடையிடையே காக்காப்பொன் மினுமினுப்பு. மலையடிவாரத்துக் கற்கள் அப்படியே உதிர்ந்து வந்தவை. மணலுக்குக் கீழே வெளுத்த நத்தை ஓடுகள் ஒரே வரிசையாக. இன்னும் கீழே சுண்ணாம்பு கட்டிய சுக்கான் உருண்டைகள். கடைசியாக, ஏரி வெட்டுவதற்கு முன்பிருந்தே கிடக்கும் மொரம்பு, அடிப்பாறை உதிர்ந்த சரளை மண்.

மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னா சார், மண்ணையே மொறைச்சிப் பாத்துனு கீறீங்க?”

“எப்படி வந்து சேந்துச்சுன்னு பாக்கறேன், தாத்தா.”

“இதுக்குப் படிப்பு வேணுமா? கால்வா வாய்ல மணலு, கரையாண்ட களி. பெரிய தண்ணி வந்த வருசம் மணலு உள்ளாற வரைக்கும் வந்துடும். கம்மியா வந்தா அங்கயே நின்னுக்கும்.”

“அப்ப இந்த மணல் பட்டை ஒரு பெரிய மழை வருசமா?”

“மழையாவும் இருக்கலாம். மேல ஏரி ஒடைஞ்சி வந்ததாவும் இருக்கலாம். யாரு கண்டா?”

நிலவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டும் கேள்வி அதுதான். ஒரே மாதிரி மணல் பட்டையை வானமும் போடலாம், நிலமும் போடலாம். பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு யார் போட்டது என்று சொல்லிவிட முடியாது.

ஏரிக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று வரவு: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண். இன்னொன்று கொள்ளளவு: கலங்கலின் உயரத்துக்கும் ஏரியின் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம். வரவு மிஞ்சினால் ஏரி கோடி போகும், அதாவது கலங்கல் வழியாக வழிந்தோடும். மிஞ்சிய தண்ணீரோடு கரைந்திருக்கும் உப்பும் வெளியேறிவிடும். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருக்கும். வரவு குறைந்தால் தண்ணீர் கோடிக்கு எட்டாது. வெயில் குடித்தது போக மிச்சம் உப்பு. சில ஆண்டுகள் கோடி போகாத ஏரியின் உட்புறத்தில் வெள்ளை பூத்துக் களராகக் கிடப்பதை நம் பக்கத்தில் யாரும் பார்த்திருக்கலாம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், சில ஆண்டு கோடி போகும், சில ஆண்டு போகாது. கரை விளிம்பு உள்ளே போகும், வெளியே வரும்.

பழைய ஏரிகளின் பாறைகளை இதே கணக்கில் வகைப்படுத்தலாம் என்று 1999இல் ஆலன் கரோல், கெவின் போஹாக்ஸ் என்ற இரு அமெரிக்க நிலவியலாளர்கள் சொன்னார்கள். எப்போதும் நிரம்பி வழிந்த ஏரி, நிரம்பியும் குறைந்தும் ஊசலாடிய ஏரி, ஒருபோதும் நிரம்பாத ஏரி. அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது, மழை அதிகமா குறைவா என்று அவர்கள் தனியாகக் கேட்கவில்லை என்பது. நிலம் எவ்வளவு வேகமாக இடம் கொடுக்கிறது, வானமும் ஆறும் எவ்வளவு வேகமாக அந்த இடத்தை நிரப்புகின்றன, இந்த இரண்டின் விகிதம்தான் கேள்வி. மழை நன்றாகப் பெய்யும் நாட்டிலும் பள்ளம் வேகமாகத் தாழ்ந்தால் ஏரி நிரம்பாது. வறண்ட நாட்டிலும் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் வழியும்.

அமெரிக்காவின் வயோமிங், யூட்டா, கொலராடோ மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரீன் ரிவர் படிவுகள் இதற்கு நல்ல சான்று. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் சுற்றிலும் மலைகள் எழும்ப, நடுவே தாழ்ந்த பள்ளங்களில் நின்ற ஏரிகள் அவை. அடியிலுள்ள படலங்களில் நன்னீர் நத்தைகளும் நிலக்கரியும் இருக்கின்றன. அது வழிந்தோடிய காலம். அதற்கு மேலே வரும் ஒரு பகுதியில் ட்ரோனா என்ற சோடா உப்பு, பட்டை பட்டையாக. உலகிலேயே மிகப் பெரிய ட்ரோனா படிவு அதுதான். கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் வேண்டிய சோடாவை இன்று அங்கே சுரங்கம் வெட்டி எடுக்கிறார்கள். நிரம்பாத ஏரி வற்றி வற்றி விட்டுச்சென்ற களர் அது. மெல்லிய ஏடுகளாகப் பிரியும் களிப்பாறைகளில் மீன்கள் செதிலோடு அப்படியே கிடக்கின்றன. அடித்தண்ணீரில் உயிர்வளி இல்லாததால் அவற்றைத் தின்ன எதுவும் அங்கே உயிரோடு இல்லை.

அந்த ஏடுகளை வில்மட் பிராட்லி என்பவர் 1929இல் எண்ணினார். ஒரு வெளிறிய ஏடும் ஒரு கருத்த ஏடும் சேர்ந்தால் ஓர் ஆண்டு என்று கொண்டு, ஏரி 50 லட்சம் முதல் 80 லட்சம் ஆண்டுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார். கதிரியக்கத் தேதி பார்க்கும் வசதி வளராத காலத்தில், கையால் எண்ணிப் போட்ட கணக்கு. பின்னால் வந்த அளவீடுகள் அதை அதிகம் அசைக்கவில்லை. அதோடு, படலங்கள் சுமார் 21,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதையும் அவர் கவனித்தார். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதும் பூமியின் பாதை மெல்லத் திரும்புவதும் சேர்ந்து உண்டாக்கும் சுழற்சியோடு அது ஒத்துப்போனது. அந்தச் சுழற்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊசலாடும் ஏரிக்கு உயிரோடு இருக்கும் உதாரணம் தாங்கனிக்காதான். அதற்கு ஒரே கலங்கல், மேற்குக் கரையில் லுகூகா ஆறு. 1874இல் வெர்னி கேமரன் என்ற ஆங்கிலேயர் அங்கே போனபோது லுகூகாவின் வாய் புல்லும் மண்ணும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறதா இல்லையா என்று ஐரோப்பாவில் பெரிய விவாதம். அடைப்புக்குப் பின்னால் ஏரி ஏறிக்கொண்டே வந்து, 1878 வாக்கில் உடைத்துக்கொண்டு போனது. அடுத்த சில ஆண்டுகளில் நீர்மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு இறங்கியது. இவ்வளவு பெரிய ஏரி, நாடு நாடாக நீண்டு 650 கிலோமீட்டருக்கு மேல் கிடப்பது, ஒரு புல்லடைப்பால் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது! அதன் தண்ணீரில் பெரும்பங்கு கோடி வழியாகப் போவதில்லை, ஆவியாகத்தான் போகிறது. மழை கொஞ்சம் குறைந்தாலே அது நிரம்பாத ஏரிகளின் பக்கம் சாய்ந்துவிடும்.

அதற்குத் தெற்கே இருக்கும் மலாவி ஏரியில் 2005இல் துளையிட்டு எடுத்த வண்டல் இன்னும் கடுமையான கதை சொல்கிறது. 1,35,000 முதல் 75,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்த இடைவெளியில் வந்த பெருவறட்சிகளில் அதன் மட்டம் 500 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. இன்றைய ஆழமே சுமார் 700 மீட்டர்தான். நிலம் அந்தக் குறுகிய காலத்தில் அவ்வளவு அசைந்திருக்க வழியில்லை. அது முழுக்க வானத்தின் வேலை.

நம் ஊர் ஏரியை வைத்து இதுவரை பேச முடிந்தது. இதற்கு மேல் அது உதவாது. நம் ஏரிக்குத் தரை தாழாது. பல்லவர் காலத்திலிருந்து பேசப்படும் காவேரிப்பாக்கம் ஏரியின் அடிப்பாறை அன்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. மேலே மண் ஏற ஏற, தண்ணீருக்கு இடம் குறையத்தான் வேண்டும். தாங்கனிக்காவுக்கும் பைக்காலுக்கும் அப்படியில்லை. கண்டமே இழுபட்டுப் பிளக்கும் கோட்டில் அவை உட்கார்ந்திருக்கின்றன. மண் விழும் வேகத்துக்கு ஈடாக, சில சமயம் அதைவிட வேகமாக, தரை கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஏழு கிலோமீட்டர் வண்டல் என்றால் ஏழு கிலோமீட்டர் ஆழமாக ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று பொருளில்லை. தரை இறங்க இறங்க, படிப்படியாகச் சேர்ந்தது.

இப்படி இறங்கும் பள்ளம் இருபுறமும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. பெரும்பாலும் ஒரு பக்கம் பாறை அறுந்து செங்குத்தாகச் சரியும். எதிர்ப்பக்கம் அறாமல், மெல்ல வளைந்து சாயும். ஏரியின் ஆழமான பகுதி நடுவில் இருக்காது. அறுந்த பக்கத்து மலையை ஒட்டியே இருக்கும். வண்டலும் அந்தப் பக்கம் தடித்து, சாய்ந்த பக்கம் மெலிந்து போகும். இன்னொன்றும் உண்டு. பிளவின் ஓரத்து நிலம் சற்று மேலே எழும்பி, ஏரிக்கு எதிர்த்திசையில் சாயும். அதனால் ஏரிக்கரையில் நிற்கும் பெரிய மலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஏரிக்கு வராமல் பின்புறமாக ஓடிவிடும். பெரிய ஆறுகள் ஏரிக்குள் நுழைவது சாய்ந்த பக்கத்திலிருந்தும் இரு முனைகளிலிருந்தும்தான். செங்குத்துப் பக்கத்தில் குறுகிய ஓடைகள் பாறாங்கல்லையும் சரளையையும் மலையடியில் விசிறிக் கொட்டிவிட்டு நின்றுவிடும்.

இங்கே நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு விதியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பாறை அடுக்கில் சரளை வந்தால் மலை எழும்பிய காலம், களி வந்தால் அமைதியான காலம் என்பார்கள். 1980களின் கடைசியில் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. பள்ளம் வேகமாகத் தாழும்போது வரும் சரளையெல்லாம் பிளவின் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கேதானே ஆழம் அதிகம். ஏரியின் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேருவது களி மட்டும். தாழ்வது ஓய்ந்த பிறகுதான் பிளவடி நிரம்பி, சரளை ஏரியின் நடுப்பகுதிக்கு ஊர்ந்து வரும். ஆக, நடுவில் கிடக்கும் களிதான் நிலநடுக்கங்கள் மலிந்த காலத்தைச் சொல்கிறது. சரளை சொல்வது ஓய்வை. இது எல்லாப் படுகைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தும் விதி இல்லை என்றாலும், கல்லின் பருமனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டியது.

மழையின் பக்கமும் இதேபோல் எதிர்பாராததுதான். மழை கூடினால் மண் அரிப்பும் கூடும் என்று நாம் நினைப்போம். 1958இல் லாங்பைன், ஷும் என்ற இருவர் அமெரிக்க ஆறுகளின் கணக்கைப் பார்த்தபோது, ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவு மழை பெறும் அரைவறட்சி நிலங்களிலிருந்துதான் அதிக வண்டல் வருவது தெரிந்தது. அதற்கும் குறைந்தால் மண்ணைத் தள்ளத் தண்ணீர் இல்லை. அதற்கு மேலே போனால் புல்லும் மரமும் வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஈரக்காலம் வந்தால் ஏரியில் தண்ணீர் ஏறும், ஆனால் மண் வரவு குறையலாம். வறட்சி தொடங்கும் காலத்தில் தண்ணீர் குறையும், காடு அழிந்து மண் வரவு கூடும். தண்ணீரும் மண்ணும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை.

நம் பருவமழை நாட்டில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் அளவைவிட, எத்தனை நாளில் கொட்டுகிறது என்பது முக்கியம். ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. அதன் இரண்டு பாதிக்கும் உறவு இருக்கிறது. மரமில்லாத மலையிலிருந்து ஒரே மழையில் உருண்டு வந்த மணல்தான் நீரில்லாத ஆற்றை நிரப்பிக் கிடந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய சில நாட்களில் இடம் மாறிய மணல், அதற்கு முந்தைய பல வறண்ட ஆண்டுகளில் நகர்ந்ததைவிட அதிகம் என்றுதான் நான் நம்புகிறேன். பழைய ஏரிகளில் தடித்த மணல் பட்டைகளைப் பார்க்கும்போது சராசரி மழையைத் தேடாதீர்கள். அப்படிப்பட்ட சில நாட்களைத் தேடுங்கள்.

வானமும் நிலமும் போட்ட கோடுகளைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது. அந்த வழியைக் காட்டியது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் படுகை. எல்லாக் கண்டங்களும் ஒன்றாக ஒட்டியிருந்த பாஞ்சியா பிளக்கத் தொடங்கிய காலத்தில், 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதற்குச் சற்று முன்னும், அங்கே ஏரி நின்றது. கருத்த களிப்பாறை, அதில் மீன்கள், அது ஆழமான ஏரி. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் அலைத்தடங்கள், அது தணிந்த தண்ணீர். அதற்கும் மேலே வெடித்துக் காய்ந்த சிவப்புச் சேறு, சில இடங்களில் ஊர்வனவற்றின் காலடித் தடங்கள். மறுபடி கருத்த களி. பிராங்க்ளின் வான் ஹவுட்டன் 1960களில் இந்தச் சுற்றை விவரித்தார். ஒரு சுற்றுக்குச் சுமார் 20,000 ஆண்டு. பிராட்லி கண்ட அதே அச்சுச் சுழற்சிதான், அது பூமியில் விழும் சூரிய ஒளியையும் அதனால் மழையையும் கூட்டிக் குறைக்கும். பல சுற்றுகள் சேர்ந்து பெரிய சுற்றுகள், அவற்றில் மிக உறுதியானது 4,05,000 ஆண்டுச் சுற்று. வியாழனும் வெள்ளியும் பூமியின் பாதையை இழுத்து நீட்டிச் சுருக்குவதால் வருவது. 1990களின் தொடக்கத்தில் படுகை நெடுகத் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளில் இதை வரிசையாகப் பார்த்தார்கள். அரிசோனாவில் கிடைத்த எரிமலைச் சாம்பல் துகள்களின் வயதோடு ஒப்பிட்டு, 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அந்தச் சுற்று மாறவில்லை என்று 2018இல் உறுதி செய்தார்கள்.

நிலநடுக்கத்துக்குப் பஞ்சாங்கம் கிடையாது. படுகை முழுக்க ஒரே நேரத்தில், தாளம் தப்பாமல் மாறும் படலங்கள் வானத்துடையவை. ஒரு பக்கம் மட்டும் தடித்து, பிளவை நோக்கிச் சாய்ந்து, தாளமில்லாமல் மாறுபவை நிலத்துடையவை. நியூவர்க்கில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் தடிமன் என்பதைத் தாழும் வேகம் முடிவு செய்தது. அந்தத் தடிமனுக்குள் எது கருப்பு, எது சிவப்பு என்பதைச் சூரிய ஒளி முடிவு செய்தது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் குறுக்கே வரும்: ஆறு வழி மாறுவது. கிரீன் ரிவர் ஏரிகளில் ஒன்று சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரென உப்பு ஏரியிலிருந்து நன்னீர் ஏரியாக மாறியது. மழை கூடியதற்கான தடயம் தேடிப் பார்த்து, கடைசியில் ஏரி மண்ணின் வேதியியல் காட்டிக்கொடுத்தது, வடமேற்கே எரிமலை நாட்டிலிருந்து ஓர் ஆறு புதிதாக அந்தப் பள்ளத்துக்குள் திரும்பியிருக்கிறது என்று. இதைப் படித்தபோது எனக்கு நம் பாலாறுதான் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் அது வாலாஜா, காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து வடகிழக்கே போய், இன்று கொசஸ்தலையாறு ஓடும் தடத்தில் கடலைச் சேர்ந்தது. பிறகு அந்த வழியை விட்டுத் தென்கிழக்கே திரும்பிவிட்டது. கொசஸ்தலையைப் பழைய பாலாறு என்று சொல்லும் வழக்கம் அதனால்தான். அந்தத் தடத்தில் ஒரு பழைய ஏரி இருந்திருந்தால், ஆறு திரும்பிய மறுநாளே அது நிரம்பாத ஏரியாகியிருக்கும். ஒரு துளி மழை குறைந்திருக்காது. அதன் வண்டலைப் பார்க்கிறவர் பெரும் வறட்சி என்று எழுதி வைத்திருப்பார்.

நம் பக்கத்தில் அப்படிப் பழைய ஏரிப்பாறை எதுவும் கிடையாது. வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள மலைகளில் சார்னோகைட், நைஸ் என்ற கடினப் பாறைகள் 250 கோடி ஆண்டு அளவுக்குப் பழையவை. ஏலகிரி மலையின் பாறை உருகிய குழம்பாக அவற்றைத் துளைத்துக்கொண்டு 75 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது. அதற்குப் பிறகு இன்று பாலாற்றில் கிடக்கும் மணல் வரைக்கும் நடுவில் பெரும்பாலும் வெற்றிடம். இத்தனை கோடி ஆண்டுகளில் இங்கே மழை பெய்யவில்லையா? வறட்சி வரவில்லையா? ஏரி நிற்கவில்லையா? எல்லாம் நடந்திருக்கும். நிலம் தாழவில்லை, அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. விழுந்த மண்ணை அடுத்த மழை கிளப்பிக் கிழக்கே கொண்டுபோய்விட்டது. எவ்வளவு மழை பெய்தாலும், வாங்கி அடுக்கி வைக்கத் தாழும் தரை இல்லையென்றால் அதன் வரலாறு நமக்குக் கிடைக்காது. போருக்கு இடம் பார்க்கும்போது மொரம்பு முடிந்து கரும்பாறை தட்டும் அந்த ஆழத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இழப்பு உறைக்கும்.

அந்த மண் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னைச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பகுதிகளில், 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தையொட்டிப் படிந்த களிப்பாறை இருக்கிறது. மெல்லிய வெளிர்நிற ஏடுகளில் அந்தக் காலத்துச் செடிகளின் இலைத்தடங்கள். கூடவே கடல் உயிரினங்களின் ஓடுகளும் கிடைத்திருப்பதால் அதை ஏரி என்று சொல்ல முடியாது. நிலம் தாழ்ந்து, கடல் எட்டிப்பார்த்த விளிம்பு அது. தெற்கே காவிரிப் படுகையில் அதே பிளவு இன்னும் ஆழமாக இறங்கியது. ஆறும் ஏரியும் பின்னர் கடலும் மாறி மாறி நிரப்பிய அந்த அடிப்படலங்களுக்கு ஆண்டிமடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். நரிமணம் பக்கம் எடுக்கும் எண்ணெயின் ஊற்றுப்பாறையாக, அதாவது அந்த எண்ணெய் உருவான பாறையாக, நிலவியலாளர்கள் கைகாட்டுவது முக்கியமாக அதைத்தான். சீனாவின் மிகப் பெரிய எண்ணெய் வயலான டாச்சிங், 1959இல் கண்டுபிடித்தது, அதுவும் ஏரிக் களியிலிருந்து வந்த எண்ணெய்தான். நிரம்பியும் குறைந்தும் ஊசலாடிய ஏரிகளில்தான் பாசியும் களியும் சேர்ந்து மூச்சுமுட்டி மக்கி நல்ல எண்ணெய்ப்பாறை உண்டாகிறது.

இந்தியாவில் ஒரு பழைய ஏரியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நான் காஷ்மீரைச் சொல்வேன். பீர்பாஞ்சால் மலை எழும்பியபோது அதற்கும் இமயத்துக்கும் நடுவே தண்ணீர் தேங்கி, சுமார் 40 லட்சம் ஆண்டுகளாகப் படிந்த வண்டல் கரேவா என்ற மேடுகளாக நிற்கிறது. ஆயிரம் மீட்டரைத் தாண்டிய தடிமன். களி, மணல், பழுப்பு நிலக்கரி, இடையிடையே மலை எழும்பிக்கொண்டே இருந்ததால் வந்து விழுந்த கூழாங்கல் அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே பனியுகக் காற்று கொண்டுவந்த புழுதி. பீர்பாஞ்சால் பக்கம் உயர உயர ஏரி வடகிழக்கே நகர்ந்தது. கடைசியில் பாராமுல்லாவில் ஜீலம் மலையை அறுத்துக்கொண்டு வெளியேற, ஏரி வடிந்தது. பாம்பூரில் குங்குமப்பூ விளைவது அந்தக் கரேவா மேட்டில்தான். நிலமே கட்டிய கரை, நிலமே உடைத்த கரை, நடுவில் வானம் எழுதிய அத்தனையும் அங்கே இருக்கிறது. அதை ரயில் பாதைக்கும் சாலைக்கும் மண்ணாக வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நம் ஏரிகளில் இருப்பது சில நூறு, மிஞ்சிப்போனால் ஓராயிரம் ஆண்டு வண்டல்தான். அதை வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வயலுக்கு அது வேண்டும். லாரி ஏற்றும் அந்தச் சில வாரங்களில் வெட்டுமுகம் திறந்து கிடக்கிறது. பக்கத்துக் கல்லூரிகளில் நிலவியலும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் ஒரு டேப்பும் செல்போன் கேமராவும் எடுத்துப் போனால் போதும். கால்வாய் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, கரையோரம் ஒன்று என மூன்று இடங்களில் மேலிருந்து கீழாக அளந்து எழுதுங்கள். எந்த மணல் பட்டை மூன்றிலும் இருக்கிறது, எது கால்வாய் வாயோடு நின்றுவிட்டது என்று பாருங்கள். அதே பட்டை அடுத்த ஊர் ஏரியிலும் இருந்தால் மழை. கீழுள்ள ஏரியில் மட்டும் இருந்தால், மேல் ஏரி எந்த ஆண்டு உடைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.